நாரி

படிவத்தில முதுகு எண்டுதான் கிடக்கு.
நான் நாரி எண்டன்.
தொழில் கந்தோர்ப் பிள்ளை பேனையை நிப்பாட்டி
"அண்ணை, நாரிக்குக் கட்டம் இல்லை" எண்டா.
சரி, முதுகு எண்டே போடுங்கோ.

திகதி?
பங்குனி பதினேழு, செவ்வாய்.
நேரம்?
சுன்னாகத்தில பள்ளிக்கூடம் விட்ட நேரம்.
மணி வேணும், அண்ணை.
தோளில ஐம்பது கிலோ இருக்கேக்க
கையைத் திருப்பி மணி பாக்கிறது ஆர்?

நூற்றிப் பன்னிரண்டாவது மூட்டை.
அது வடிவாத் தெரியும்.
எண்ணித்தான் காசு, அதால எண்ணினது.
லொறிப் பலகையில இடது காலை வைச்சன்.
ஈரச் சாரத்தை உதறினாப்போல ஒரு சத்தம்,
வெளியில இல்லை,
உள்ளுக்க.
பிறகு நான் கீழ, மூட்டை மேல,
வாயெல்லாம் சீமெந்து.
யூட் நிக்சன்தான் இழுத்தெடுத்தவன்.
பரராசசிங்கம் முதலாளி மேசையால எழும்பி வந்து
முதல் கேட்டது:
"மூட்டை வெடிச்சிட்டுதோ?"

நாரி முறிய உழைச்சவன் எண்டு
ஊரில ஆரைக் கேட்டாலும் சொல்லுவினம்.
ஒரு தாளில எழுதிக் கையெழுத்து வைக்க
ஒருத்தரும் இல்லை.
நிக்சன் இரவு வந்தவன், படலைக்கு வெளியில,
சைக்கிளால இறங்கேல்லை.
"அண்டைக்கு நான் பின் ஸ்டோரில நிண்டதெண்டு
சொல்லச் சொல்லுகினம் மச்சான்.
பால்மா விக்கிற விலை தெரியும்தானே."
தெரியும்.
போயிட்டு வா எண்டன்.

பெரியாஸ்பத்திரியில குழாய்க்குள்ள தள்ளிப் படம் எடுத்தவை.
டொக்டர் நல்ல மனுசன், கதிரை தந்தவர்.
நிண்டுகொண்டே கேட்டன்.
நாலாம் எலும்புக்கும் அஞ்சாம் எலும்புக்கும் இடையில
ஏதோ பிதுங்கிக் கிடக்காம்.
பழைய தேய்மானமும் இருக்காம்.
"வேலையால வந்ததோ, ஐயா?"
அவர் எழுதினார்:
வேலையின் காரணமாகவும் இருக்கலாம்.
ஒரு 'லாம்'.
அதைத்தான் உறைக்க வைச்சு
மூண்டு மாசமாக் கொண்டு திரியிறன்.

முதலாளியின்ர சட்டத்தரணி ஒரு படம் காட்டினார்,
ஆரோ பேஸ்புக்கில போட்டது.
மாசி மகம், எங்கட ஒழுங்கைப் பிள்ளையார் வெளிவீதி,
கொம்புக்குக் கீழ நான், பல்லெல்லாம் தெரிய.
"சுவாமி காவினதால வந்த நோவுக்கு
என்ர கட்சிக்காரர் காசு குடுக்கேலாது."
பிள்ளையாரைப் பன்னிரண்டு பேர் தூக்கினது, ஐயா.
சீமெந்தை நான் ஒராள்.
பிள்ளையாருக்கு நாள் ஒண்டு.
சீமெந்துக்குப் பதினாலு வருசம்.
அவர் எழுதிக்கொள்ளேல்லை.

"எங்கட கடையில இவர் விழவே இல்லை" எண்டும் சொன்னார்.

அப்பதான் துஷ்யந்தி எழும்பினா.
வாசலடியில, பிள்ளையின்ர தண்ணிப் போத்தலோட
அவ்வளவு நேரமும் பேசாமல் இருந்தவ.
கைப்பையுக்க இருந்து ஒரு துண்டு எடுத்தா,
நாலா மடிச்சது, அரிசி மா ஒட்டினது.
பங்குனிச் சம்பளத் துண்டு.
அரிசி வாளிக்குள்ள வைச்சிருந்தவ,
எனக்கே தெரியாது.
கணக்கப்பிள்ளையின்ர உருண்டைக் கையெழுத்து:
17ஆம் திகதி. விழுந்து உடைத்த சீமெந்து மூட்டை 1.
கழிவு ரூபா 2,100.

கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும் கதைச்சுது.
தொழில் அலுவலர் அம்மா துண்டைத் திருப்பிப் பாத்தா,
பிறகு சட்டத்தரணியைப் பாத்தா.
"மூட்டை தானா விழுந்ததோ?"

இரண்டாயிரத்து நூறு ரூபாய்க்கு அண்டைக்கு
வீட்டில பெரிய சண்டை.
துண்டைக் கிழிக்கப் போனன்.
கிழிக்கக் குனியத் தேவையில்லை,
எண்டாலும் அண்டைக்கு அதுவும் ஏலாமல் கிடந்தது.

படியெடுத்துப்போட்டு மூலத்தைத் தந்தினம்.
அடுத்த தவணை ஆடி ஒன்பது.
வெல்லுமோ எண்டு துஷ்யந்தி கேக்கேல்லை.
நானும் சொல்லேல்லை.

மினிபஸ்ஸில கொண்டக்டர் பெடியன்
பின்னுக்குக் கையைக் காட்டினான்.
"இடம் கிடக்கு அண்ணை, இருக்கலாம்."
இருக்கேலாது தம்பி.
கம்பியைப் பிடிச்சுக்கொண்டு
கொக்குவில், தாவடி, இணுவில்,
ஒவ்வொரு குழியையும்
நாரியால எண்ணி எண்ணி
நிண்டபடி வாறன்.